சாணச் சேற்றிலிருந்து மின்சாரம்: ஒரு வாளியில் நுண்ணுயிர் மின்கலம் அமைக்கும் முறை

துத்தநாகம் பூசிய ஆணியையும் செம்புக் கம்பியையும் ஈர மண்ணில் குத்தி, மண்ணிலிருந்து மின்சாரம் எடுப்பதாகக் காட்டும் காணொளிகள் ஏராளமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் விளக்கு எரிவது உண்மைதான். ஆனால் அந்த மின்சாரத்தைத் தருவது மண்ணும் அல்ல, மண்ணில் வாழும் உயிர்களும் அல்ல. கரைந்துகொண்டிருக்கும் துத்தநாகமே அதைத் தருகிறது. ஆணி கரைந்து தீர்ந்ததும் மின்சாரமும் தீர்ந்துவிடும். கழிவை உண்ணும் நுண்ணுயிர்களிடமிருந்து மின்சாரம் பெற விரும்புவோர், இரண்டு முனைகளும் கரியாலானதாக ஒரு கலத்தை அமைத்து, வருகின்ற மின்சாரம் உயிர்களிடமிருந்துதான் வருகிறது என்பதைத் தாமே சோதித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம் வட்டாரங்களில் எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு அதைச் செய்யும் முறை இங்கே விளக்கப்படுகிறது. பள்ளியின் அறிவியல் ஆசிரியரும், மாட்டுக்கொட்டகை வைத்திருக்கும் விவசாயியும் ஒரே மாதிரி செய்து பார்க்கலாம்.

சாணத்திலும் கழுநீரிலும் உள்ள மாவுப்பொருளையும் நாரையும் ஒருவகை நுண்ணுயிர்கள் முதலில் அசிட்டிக் அமிலம் போன்ற சிறிய அமிலங்களாக உடைக்கின்றன. மற்றொரு வகை அந்த அமிலத்தை உண்டு கரியமில வாயுவாக மாற்றுகிறது. அப்போது ஒவ்வோர் அசிட்டேட் (அசிட்டிக் அமிலம் நீரில் கரைந்திருக்கும் வடிவம்) மூலக்கூறிலிருந்தும் 8 எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. காற்றுள்ள இடத்தில் வாழும் உயிர்கள் அந்த எலெக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைத்துவிடும். காற்று புகாத சேற்றின் அடியிலோ, ஜியோபேக்டர், ஷிவனெல்லா போன்ற சில பாக்டீரியாக்கள் அவற்றைத் தம் உடலுக்கு வெளியே உள்ள இரும்புத் துருவிடம் கொடுத்து உயிர் வாழ்கின்றன. துருவுக்குப் பதிலாக அங்கே ஒரு கரித்துண்டை வைத்தால் அதனிடமும் கொடுக்கும். அந்தக் கரித்துண்டிலிருந்து ஒரு கம்பியை மேலே கொண்டுவந்து, காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு கரித்துண்டுடன் இணைத்தால், எலெக்ட்ரான்கள் கம்பி வழியாக ஓடி மேலே ஆக்சிஜனைச் சேர்கின்றன. அந்த ஓட்டம்தான் நமக்குக் கிடைக்கும் மின்சாரம்.

நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைக்கும்போது மின்விளைவு தோன்றுவதை இங்கிலாந்தின் தாவரவியல் பேராசிரியர் எம். சி. பாட்டர் 1911-இலேயே பதிவு செய்தார். ஜியோபேக்டரை அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து டெரெக் லவ்லி 1987-இல் பிரித்தெடுத்தார். ஆனால் அந்தப் பாக்டீரியாவை விலைக்கு வாங்கவேண்டிய தேவை நமக்கு இல்லை. நெடுநாள் நீர் தேங்கிய எந்தச் சேற்றிலும் அதன் உறவினங்கள் இருக்கும். கரியை வைத்துக் காத்திருந்தால் அவை தாமாகவே அதில் வந்து குடியேறும்.

பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

10 லிட்டர் கொள்ளளவுள்ள பெயிண்ட் வாளி ஒன்று போதும். அதைப் பெயிண்ட் வாடை முற்றிலும் நீங்கும்வரை கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். உலோக வாளி எக்காரணத்தாலும் கூடாது.

இதில் செலவு வைக்கும் பொருள் கார்பன் ஃபெல்ட் எனப்படும், கம்பளி போன்ற கரித்துணிதான். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள துணியில் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வட்டங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். ஃபெல்ட் கிடைக்காதவர்கள் கோவையின் அச்சு வார்ப்புப் பட்டறைகளில் கேட்டுப் பார்க்கலாம். மின்பொறி முறையில் உலோகத்தைக் குடையும் இயந்திரங்களுக்குக் கிராஃபைட் கட்டிகளைப் பயன்படுத்துவதால், கழித்துப்போட்ட துண்டுகள் அங்கே கிடைக்க வாய்ப்புண்டு. வழவழப்பான கிராஃபைட்டை உப்புத்தாள் கொண்டு சொரசொரப்பாக்கினால்தான் நுண்ணுயிர்கள் நன்றாகப் பற்றும்.

காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக் கரி தாராளமாகக் கிடைக்கிறதே, அதையே பயன்படுத்தலாமே என்று பலருக்கும் தோன்றும். கரி எல்லாம் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. குறைந்த சூட்டில் சுட்ட கரி ஏறக்குறைய மின்கடத்தாப் பொருளாகவே இருக்கும். மிக உயர்ந்த வெப்பநிலையில் சுட்டது மட்டுமே ஓரளவு கடத்தும். மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் நிலையில் வைத்து, ஒரு துண்டின் இரு பக்கங்களிலும் முட்களை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: சில பத்து ஓம்களுக்குள் காட்டினால் எடுத்துக்கொள்ளலாம், கிலோ ஓம்களில் காட்டினால் அடுப்புக்கே அனுப்பிவிடலாம். தொட்டிக்கரியிலிருந்து தயாராகும் ஆக்டிவேட்டட் கார்பன் குருணை ஒரு பிடி கிடைத்தால், அதற்கு வேறு நல்ல பயன் உண்டு. அது பின்னால் வருகிறது.

கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழையே ஏற்றது. சேற்றுக்குள் செம்பு வெளியே தெரிந்தால் இரண்டு கேடுகள் நேரும்: செம்பு நுண்ணுயிர்களுக்கு நஞ்சு, அதோடு, அது அரித்துக் கரையும்போது எழும் பொய்யான மின்னழுத்தம் நம் அளவீட்டைக் கெடுத்துவிடும். எஃகு இழையை ஃபெல்ட்டினூடே தையல் போல நாலைந்து முறை நுழைத்து எடுத்து, ஃபெல்ட்டிலிருந்து வாளிக்கு வெளியே வரும்வரை பிளாஸ்டிக் உறை மாட்டி, உறை தொடங்கும் இடத்தை எபாக்சி பசையால் அடைக்க வேண்டும். செம்புக் கம்பியுடன் இணைப்பது வாளிக்கு வெளியே, உலர்ந்த இடத்தில் மட்டுமே நடக்கவேண்டும்.

இவற்றோடு ஒரு மல்டிமீட்டர், 220 ஓம் முதல் 10 கிலோ ஓம் வரையிலான சில மின்தடைகள், கொசுவலைத் துண்டு, சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் பயன்படும் 16 மில்லிமீட்டர் பக்கக் குழாயில் இரண்டடி நீளம் ஆகியவை வேண்டும். குழாயில் துளை இல்லாத பகுதியாகப் பார்த்து வெட்டிக்கொள்ள வேண்டும்.

சேறும் தீனியும்

குளத்து வண்டலோ, மாட்டுக்கொட்டகைக் கழிவுநீர் தேங்கும் பள்ளத்தின் அடிமண்ணோ சிறந்தது. மேலே பழுப்பாகவும், ஒரு சாண் தோண்டினால் கறுப்பாகவும், லேசான அழுகிய முட்டை வாடையுடனும் இருக்கும் சேறு காற்றில்லாச் சூழலில் பழகியது. அந்தக் கறுப்பு மண்ணைத்தான் எடுக்கவேண்டும். நேரடியாக வயலிலிருந்து எடுப்பதானால் கரிசல், செம்மண்ணைவிட மேலானது. கரிசலின் களி, நீரைப் பிடித்துவைத்துக் காற்றைத் தடுக்கும். செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு மிகுதி என்பதால், நுண்ணுயிர்கள் நம் கரியை நாடி வருவதற்கு முன் அந்த இரும்பிடமே எலெக்ட்ரான்களைக் கொடுத்துக்கொண்டிருக்கும். கலம் விழித்தெழ நாளாகும். சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலை, மின்முலாம் பூசும் பட்டறை ஆகியவற்றின் கழிவு கலந்த ஓடைகளிலிருந்தும் குளங்களிலிருந்தும் சேறு எடுக்கவே கூடாது. அதிலுள்ள உலோகங்கள் கலத்துக்கும் கைக்கும் ஒருங்கே தீங்கு செய்யும்.

கல், வேர், இலை ஆகியவற்றை நீக்கிய சேறு 3 பங்குக்குப் புதுச் சாணம் 1 பங்கு என்ற அளவில் நன்றாகப் பிசைந்து, இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வைத்துக்கொள்ள வேண்டும். சாணம் இங்கே தீனியாகவும், நுண்ணுயிர் விதையாகவும் இருக்கிறது. சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்கள் அதன் வெளிவழியில் வரும் கூழையும் சேர்க்கலாம். ஆனால் அதில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மிகுந்திருக்கும். அவையும் அதே அசிட்டேட்டுக்குப் போட்டியிடும் என்பதால் சிறிதளவு போதும்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலைகளின் குச்சிக்கிழங்குத் (மரவள்ளி) திப்பி கிடைக்கும். மாவுச்சத்து மிகுந்த அது மிக வேகமாகப் புளித்து, சேற்றை அமிலமாக்கிவிடும். ஒரு வாளிக்கு ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். அதையும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவுடன் கலந்து இடவேண்டும். குச்சிக்கிழங்கில் சயனைடு தரும் சேர்மம் இருப்பதால், ஆலையிலிருந்து அப்போதே வரும் கழிவுநீரை அப்படியே ஊற்றுவதும் நல்லதல்ல. கோழி எரு நாமக்கல்லில் மலைபோல் கிடைத்தாலும், அதிலுள்ள நைட்ரஜன் அமோனியாவாக மாறி நுண்ணுயிர்களை ஒடுக்கும். முதல் கலத்துக்கு அதைத் தவிர்த்துவிடலாம். தென்னை நார்க்கழிவு எளிதில் மக்காது. அதைச் சேர்ப்பதால் வாளி நிறையுமே தவிர, கலத்துக்குப் பயனில்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். குடிப்பதற்குச் சிறுவாணித் தண்ணீருக்கு ஈடில்லை. ஆனால் இந்தக் கலத்துக்குப் பல்லடம், திருப்பூர் பக்கத்துக் கடின ஆழ்துளைக் கிணற்று நீரே ஏற்றது. அதில் கரைந்துள்ள உப்புகள் மின்னோட்டத்துக்கு வழிவிட்டு, கலத்தின் உள்தடையைக் குறைக்கின்றன. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் மட்டுமே கிடைக்குமானால், வாயகன்ற பாத்திரத்தில் ஓரிரவு திறந்துவைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

அடுக்கும் முறை

வாளியின் அடியில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சேற்றைப் பரப்பி, கையால் தட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். அதன்மேல் முதல் ஃபெல்ட் வட்டத்தை நனைத்து, மடிப்பில்லாமல் கிடத்தி, மெல்ல அழுத்த வேண்டும். இதை அடிமுனை என்போம். நூல்களில் ஆனோடு என்று குறிப்பிடுவது இதைத்தான். சொட்டுநீர்க் குழாயின் ஒரு முனை இந்த ஃபெல்ட்டின் அருகே இருக்குமாறும், மறுமுனை வாளிக்கு மேலே நீட்டியிருக்குமாறும் நிறுத்தி, மேலும் 8 முதல் 10 சென்டிமீட்டர் சேற்றை நிரப்ப வேண்டும். இந்த உயரத்தைக் குறைத்தால் மேலிருந்து ஆக்சிஜன் அடிமுனைவரை ஊடுருவி, எலெக்ட்ரான்கள் கம்பிக்கு வராமல் சேற்றுக்குள்ளேயே செலவாகிவிடும். கூட்டினால் உள்தடை ஏறும்.

சேற்றின்மேல் ஒரு தட்டையோ இலையையோ வைத்து, சேறு கலங்காதபடி 4 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஓரிரவு தெளியவிட வேண்டும். மறுநாள் இரண்டாம் ஃபெல்ட்டை, அதாவது கேத்தோடு எனப்படும் மேல்முனையை, நீர்மட்டத்தில் மிதக்கவிட வேண்டும். அதன் கீழ்ப்பக்கம் நீரையும் மேற்பக்கம் காற்றையும் தொட்டிருப்பது மிக முக்கியம். ஓரத்தில் நாலு தெர்மோகோல் துண்டுகளைக் கட்டினால் நீர்மட்டம் மாறினாலும் அது கூடவே ஏறி இறங்கும். இந்த வகைக் கலத்தில் மின்சாரத்தைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் மேல்முனைதான், ஏனெனில் வெறுங்கரியின்மேல் ஆக்சிஜன் மிக மெதுவாகவே வினைபுரியும். ஆய்வகங்களில் இதற்குப் பிளாட்டினம் பூசுவார்கள். நமக்கு அந்தத் தேவையில்லை. முன்பு சொன்ன ஆக்டிவேட்டட் கார்பன் குருணையை மேல்முனையின்மீது மெல்லிய அடுக்காகப் பரப்பி, நைலான் வலையால் மூடித் தைத்துவிட்டால் நல்ல முன்னேற்றம் தெரியும்.

வாளியைக் காற்றுப்புகாத மூடியால் மூடினால் மேல்முனைக்கு ஆக்சிஜன் கிடைக்காது, மீத்தேனும் உள்ளே சேரும். திறந்துவைத்தாலோ டெங்கு பரப்பும் கொசு அந்த நீரில் முட்டையிடும். ஆகவே கொசுவலையை வாய்ப்புறத்தில் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். இதைச் செய்ய மனமில்லாதவர்கள் கலத்தை அமைக்காமல் இருப்பதே ஊருக்கு நல்லது. சேறு பிசையும்போது கையுறை அணிவதும், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், வாளியைச் சமையலறையிலிருந்து தள்ளி நிழலான திண்ணையில் வைப்பதும் சொல்லாமலே விளங்கும்.

காத்திருத்தலும் சோதித்தலும்

முதல் நாளிலேயே இரு கம்பிகளுக்கும் இடையே 1 கிலோ ஓம் மின்தடையை இணைத்துவிட வேண்டும். எலெக்ட்ரான்கள் ஓடுவதற்கு வழி திறந்திருந்தால்தான் அந்த வழியை நம்பி வாழும் நுண்ணுயிர்கள் ஃபெல்ட்டில் பெருகும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை அடிமுனைக் கம்பியிலும், சிவப்பு முனையை மேல்முனைக் கம்பியிலும் வைத்து, மின்தடையின் குறுக்கே நாளுக்கு இருமுறை மில்லிவோல்ட்டில் அளந்து குறித்துவர வேண்டும்.

தொடக்கத்தில் மிகச் சிறிய அளவே தெரியும். பிறகு பல நாள்கள் கழித்து அளவு மெல்ல ஏறத் தொடங்கி, ஓரிரு வாரங்களில் ஒரு நிலைக்கு வரும். மின்தடையைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டு அளந்தால் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும் கலம் நன்றாக இயங்குகிறது என்று கொள்ளலாம். இந்தத் தாமதம்தான் நமக்கு வேண்டிய முதல் சான்று. உலோகம் கரைவதால் வரும் மின்னழுத்தம் இணைத்த நொடியிலேயே உச்சத்தில் நிற்கும். நுண்ணுயிர்களோ பெருகவேண்டும், படலமாகப் படியவேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

இரண்டாம் சான்றுக்கு இன்னொரு வாளி தேவை. அதே சேற்றுக் கலவையை, இனிச் சமையலுக்குப் பயன்படாத பழைய குக்கரில் அரை மணி நேரத்துக்கு மேல் வேகவைத்து ஆறவிட்டு, அதே அளவு ஃபெல்ட், அதே அளவு தண்ணீருடன் அமைக்க வேண்டும். அது நெடுநாள் தாழ்ந்தே கிடந்து, வேகவைக்காத வாளி மட்டும் ஏறினால் ஐயம் தீர்ந்தது. வேகவைத்த சேற்றிலும் சில வித்துக்கள் பிழைத்திருக்கும், காற்றிலிருந்தும் உயிர்கள் வந்து விழும் என்பதால், பல வாரம் கழித்து அதுவும் மெல்ல ஏறுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். பள்ளிக் கண்காட்சிக்குச் செய்பவர்கள் இந்த இரண்டாம் வாளியை விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. அது இல்லாத கலம் வெறும் வேடிக்கைப் பொருள்.

கலம் நிலைத்த பிறகு அதன் திறனை அளக்கலாம். மின்தடையை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம் காத்திருந்து மின்னழுத்தத்தைக் குறிக்கவேண்டும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 2.2 கிலோ ஓமில் 0.45 வோல்ட், 1 கிலோ ஓமில் 0.35, 470 ஓமில் 0.24, 220 ஓமில் 0.14 என்று வந்தால், திறன் முறையே சுமார் 0.09, 0.12, 0.12, 0.09 மில்லிவாட் ஆகும். உச்சம் 470 ஓமுக்கும் 1 கிலோ ஓமுக்கும் நடுவே இருக்கிறது. கலத்தின் உள்தடையும் ஏறத்தாழ அதுவே. அந்த அளவு மின்தடையுடன் கலத்தை ஓட்டுவதே சிறப்பு.

எவ்வளவு தீனி, எவ்வளவு பயன்

கழிவை நிறையப் போட்டால் நிறைய மின்சாரம் வரும் என்று எண்ணுவது இயல்பு. கணக்கு வேறு சொல்கிறது. முழுமையாகச் சிதைய 1 கிராம் ஆக்சிஜன் தேவைப்படும் அளவு கழிவில் ஏறத்தாழ 12,000 கூலும் மின்னூட்டம் இருக்கிறது (1 ஆம்பியர் ஒரு நொடி ஓடினால் 1 கூலும்). மேலே கண்ட கலம் 1 கிலோ ஓமில் தருவது 0.35 மில்லி ஆம்பியர். அந்தக் கழிவு முழுவதும் மின்சாரமாக மாறுவதாகக் கொண்டால், அது தீர ஏறக்குறைய 400 நாள் ஆகும். உண்மையில் பெரும்பகுதி மீத்தேனாகவும் வேறு வழிகளிலும் போய்விடும் என்றாலும், தட்டுப்பாடு தீனியில் இல்லை என்பது தெளிவு. ஆகவே வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று கரண்டி புளித்த கழுநீரையோ, சிட்டிகை நாட்டுச்சர்க்கரை கரைத்த நீரையோ குழாய் வழியாக அடிமுனைக்கு மட்டும் ஊற்றினால் போதும். மேலாக ஊற்றினால் அது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிட்டு மேல்முனையைச் செயலிழக்கச் செய்யும்.

அந்த 0.12 மில்லிவாட் எதற்கு உதவும்? 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை எரிக்க இத்தகைய வாளிகள் 75,000 வேண்டும். ஆனால் ஒரு நாள் முழுவதும் சேமித்தால் சுமார் 10 ஜூல் சேரும். மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு சுற்றும், மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் சூப்பர் கப்பாசிட்டரும் இருந்தால், இழப்புகள் போக ஒரு சிவப்பு எல்.இ.டி.யை மங்கலாக இருபது நிமிடமாவது எரிக்கலாம். அதைவிட எளியது, ஒற்றைப் பேட்டரியில் ஓடும் எண் காட்டும் கடிகாரம் அல்லது வெப்பமானி. மூன்று வாளிகளைத் தொடராக இணைத்தால் ஏறத்தாழ ஒரு பேட்டரியின் மின்னழுத்தம் வரும்; இத்தகைய கடிகாரம் எடுக்கும் மின்னோட்டமோ மைக்ரோ ஆம்பியர்களில்தான். ஒரே வாளியில் மூன்று ஜோடி முனைகளை வைத்துத் தொடராக இணைக்க முயன்றால் மின்னழுத்தம் கூடாது, ஏனெனில் சேறு அவை அனைத்தையும் உள்ளேயே இணைத்துவிடும். தனித்தனி வாளிகளிலும் ஒன்று பலவீனப்பட்டால் மற்றவை அதைத் தலைகீழாக இயக்கத் தொடங்கும். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் தனியே அளந்து, எதிர்மறை அளவு காட்டும் வாளியை வெளியே எடுத்து, தீனி கொடுத்துத் தேற்றிச் சேர்க்க வேண்டும்.

வீட்டின் எரிசக்தித் தேவைக்குச் சாணத்தைப் பயன்படுத்த நினைப்பவர் எரிவாயுக் கலன் அமைப்பதே அறிவுடைமை. ஒரு மாட்டின் 10 கிலோ சாணம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 கன மீட்டர் எரிவாயு தரும். அதில் சுமார் 80 லட்சம் ஜூல் வெப்ப ஆற்றல் இருக்கிறது. நுண்ணுயிர் மின்கலத்தின் இடம் வேறு. எரிவாயுக் கலனுக்குப் போதாத அளவு நீர்த்த கழிவுநீரைச் சுத்திகரிப்பதிலும், ஆள் போய்ப் பேட்டரி மாற்றமுடியாத இடங்களில் சிறு கருவிகளை இயக்குவதிலும் அதற்கு எதிர்காலம் உண்டு. 2008-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தார் நீரடிச் சேற்றில் அமைத்த இத்தகைய கலத்தைக் கொண்டு, ஏறத்தாழ 18 மில்லிவாட் தேவைப்படும் வானிலை மிதவை ஒன்றை இயக்கிக் காட்டினர்.

பராமரிப்பு

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றில் வாளித் தண்ணீர் விரைவில் வற்றும். மேல்முனை சேற்றில் போய் உட்கார்ந்தால் மின்னழுத்தம் சட்டென்று சரியும். அந்தக் காலத்தில் நாள்தோறும் நீர் சேர்க்கவேண்டும். மார்கழிக் குளிரில் அளவு இறங்குவது இயல்பு, 25 முதல் 35 டிகிரி செல்சியஸ்தான் இந்த உயிர்களுக்கு உகந்தது. பகலில் ஏறி இரவில் இறங்கும் அளவு, நீரில் பாசி பிடித்திருப்பதைக் காட்டும். பாசி வெயிலில் ஆக்சிஜன் வெளியிடுவதால் ஏற்படும் மாற்றம் அது, கவலைக்குரியதல்ல. மேல்முனையில் வழவழப்பான படலம் தடித்துவிட்டால் மட்டும் மெல்லச் சுரண்டி, வெறும் நீரில் அலசி, மீண்டும் மிதக்கவிட வேண்டும். அடிமுனையை இடையில் தோண்டிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை காற்றுப் பட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பல நாள் ஆகும்.

கலத்தைக் கலைக்கும் நாள் வரும்போது, அடிமுனை ஃபெல்ட்டைக் கழுவாமல், கொஞ்சம் சேற்றுடன் ஒரு டப்பாவில் நீர் நிரப்பி, மூடியை இறுக்காமல் வைத்துக்கொண்டால், அடுத்த வாளிக்கு அதுவே விதையாகும். புதுக் கலம் விழித்தெழும் காலம் அதனால் பெரிதும் குறையும். மிச்சமுள்ள சேற்றைத் தென்னைமரப் பாத்தியில் கொட்டிவிடலாம்.